மதுரை வானில் பலூன்: ‘இன்னைக்கு ரைடு இல்லை’ என்று சொன்னால் கோபப்படலாமா?

தை மாதக் காலை, 6 மணி. திடலில் தரையோடு தரையாகப் பலூன் துணி விரித்துக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கியவர்கள் 4 மணிக்கே எழுந்து, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, பைக்கிலும் காரிலும் வந்து நிற்கிறார்கள். பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. மரத்தில் இலைகூட அசையவில்லை. அப்போது பைலட் வந்து, “இன்னைக்குப் பறக்க முடியாது” என்கிறார்.

“ஏன் சார்? காத்தே இல்லையே!” என்று நான்கு பக்கமும் குரல் எழும். சமூக வலைதளத்தில் ‘ஏமாற்று வேலை’ என்று உடனே ஒரு பதிவு வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் தைரியம் பைலட்டுக்கு இருக்கிறதா, அதைச் சொல்ல ஏற்பாட்டாளர் அவரை விடுகிறாரா என்பதில்தான் பலூன் பயணத்தின் பாதுகாப்பே இருக்கிறது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழாவின் 10-வது பதிப்பு நடந்தது. பத்தாண்டுகளாகப் பொள்ளாச்சியின் அடையாளமாக இருந்த திருவிழா, அந்த முறை சென்னை அருகே திருவிடந்தையில் தொடங்கி, பொங்கல் நாட்களில் பொள்ளாச்சிக்கும், ஜனவரி 18, 19 தேதிகளில் மதுரைக்கும் வந்தது. மதுரைக்காரர்களுக்கு இது புது அனுபவம். ஜல்லிக்கட்டு பார்க்க வரும் கூட்டம் பலூனையும் பார்த்துவிட்டுப் போனால் சுற்றுலாவுக்கு நல்லதுதான். ஆனால் இந்த விளையாட்டை ஊருக்குள் கொண்டு வரும்போது, அதன் வானிலைக் கணக்கையும் சேர்த்தே கொண்டு வர வேண்டும்.

ஸ்டீயரிங் இல்லாத வண்டி

வெப்பக்காற்று பலூனுக்கு இன்ஜின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பைலட்டின் கையில் இருப்பது இரண்டே விஷயம். பர்னரைத் திறந்தால் உள்ளே காற்று சூடாகி பலூன் மேலே போகும். உச்சியில் இருக்கும் வாயிலைக் கயிறு இழுத்துத் திறந்தால் சூடான காற்று வெளியேறி கீழே இறங்கும். இடம், வலம் எல்லாம் காற்றின் விருப்பம்.

அப்படியென்றால் எந்த வகையிலும் திசை மாற்ற முடியாதா? ஓரளவு முடியும். தரையில் ஒரு திசையில் வீசும் காற்று, 200 மீட்டர் உயரத்தில் கொஞ்சம் வேறு திசையில் வீசலாம், 500 மீட்டரில் இன்னும் வேறாக இருக்கலாம். எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று கண்டுபிடித்து, அந்த அடுக்குக்கு ஏறியோ இறங்கியோ போவதுதான் பைலட்டின் திறமை. அதற்காகத்தான் கிளம்பும் முன் ஹீலியம் நிரப்பிய சின்ன பலூன் ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். அது எந்தப் பக்கம் போகிறது, எந்த உயரத்தில் திரும்புகிறது, எவ்வளவு வேகம் என்று கவனிப்பார்கள்.

‘இலைகூட அசையலையே’ என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. இரவு முழுக்கத் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அசையாமல் படுத்துக்கிடக்கும். அதற்கு மேலே சில நூறு மீட்டரில் காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். கீழே இருப்பவருக்கு அது தெரியாது. சூரியன் ஏறி, தரை சூடாகி, இரண்டு அடுக்கும் கலக்கும்போது அந்த மேல்காற்று திடீரென்று கீழே இறங்கும். கிளம்பும்போது அமைதி, இறங்கும்போது வேகக்காற்று. பைலட் பயப்படுவது இதற்குத்தான்.

எவ்வளவு காற்று அதிகம்?

பயணிகளோடு கிளம்ப, தரைக்காற்று மணிக்கு சுமார் 15 முதல் 18 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. விமான நிலையக் கணக்கில் சொன்னால் 8 முதல் 10 நாட் வரை. பைக்கில் மெதுவாகப் போகும் வேகத்தைவிடக் குறைவு. ‘இதுக்கா பயப்படுறாங்க?’ என்று தோன்றலாம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது பலூன் துணி மீது காட்டும் விசை நான்கு மடங்காகும். ஆறேழு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நிற்கும் பலூன், கப்பலின் பாய் மாதிரி காற்றை வாங்கும். இறங்கும்போது கூடை தரையைத் தொட்ட பிறகும் துணி காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால், கூடை சாய்ந்து வயல் வழியே இழுபட்டுப் போகும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. ‘கயிறு கட்டித்தானே மேலே தூக்குறாங்க, அதுல என்ன ஆபத்து?’ உண்மையில் காற்று அடிக்கும்போது கயிறு கட்டிய பலூன்தான் அதிகம் தடுமாறும். சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால், உள்ளே இருப்பவருக்குக் காற்றே தெரியாது. கட்டிப்போட்ட பலூன் நகர முடியாது என்பதால் முழு விசையும் துணி மேல் விழும். பலூன் சாயும், பர்னரின் சுவாலை துணியின் பக்கம் திரும்பும்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் மாவட்டம் காந்தி சாகரில் இதை நாடே வீடியோவில் பார்த்தது. முதல்வர் மோகன் யாதவ் கூடைக்குள் நின்றிருந்தார். காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு வீச, பலூன் மேலெழ முடியாமல் சாய்ந்தது, அடிப்பகுதியில் தீ தெரிந்தது. பாதுகாவலர்களும் ஊழியர்களும் கூடையைப் பிடித்துக்கொள்ள, அவர் பத்திரமாக இறங்கினார். பாதுகாப்பில் குறை எதுவும் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. அது ஒருபுறம் இருக்கட்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று இந்தப் பலூனை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

ஏன் விடியற்காலை? ஏன் தை மாதம்?

பலூன் மேலே போவது, உள்ளே இருக்கும் காற்று வெளியே இருக்கும் காற்றைவிட இலேசாக இருப்பதால். அதனால் வெளியே எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு தூக்கும் சக்தி.

ஒரு சின்னக் கணக்கு. 2,800 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூன், உள்ளே 100 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 20 டிகிரி இருந்தால், அது தூக்கக்கூடிய மொத்த எடை சுமார் 720 கிலோ. வெளியே 35 டிகிரி ஆகிவிட்டால் அதே பலூன் சுமார் 560 கிலோதான் தூக்கும். துணி, கூடை, பர்னர், சிலிண்டர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வித்தியாசம் 160 கிலோ. அதாவது, இரண்டு பெரியவர்களை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் ஈடுகட்ட நினைத்தால் துணியை இன்னும் சூடாக்க வேண்டும். துணிக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டால் எடைக் கணக்கு மட்டுமல்ல, இன்னொரு தொல்லையும் சேரும். சூடான தரையிலிருந்து காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரே போவது இந்தக் காற்றில்தான். பருந்துக்கு அது வரம். பலூனுக்கோ, எப்போது தூக்கும் எப்போது கீழே தள்ளும் என்று தெரியாத ஆபத்து. அதனால்தான் சூரிய உதயத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மணி நேரம், அல்லது மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு என்று இரண்டே ஜன்னல்கள்.

மதுரையின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் ஜன்னல் இன்னும் சிறியது.

- ஜனவரி, பிப்ரவரி: வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற நேரம். காலையில் குளிர்ச்சி, ஓரளவு அமைதியான காற்று. ஆண்டிலேயே நல்ல நாட்கள் இவைதான். ஆனால் வைகையை ஒட்டியும் கண்மாய்களின் மேலும் பனிமூட்டம் படியலாம்.
- மார்ச் முதல் மே வரை: காலை 8 மணிக்கே வெயில் சுடும். மேல்நோக்கிக் கிளம்பும் காற்று சீக்கிரமே தொடங்கிவிடும். மாலையில் கோடை இடிமழை எப்போது திரளும் என்று சொல்ல முடியாது.
- ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: மழை குறைவு, காற்று அதிகம். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழியே போதும். அம்மி பறக்கிற காத்துல பலூன் பறக்கக் கூடாது.
- செப்டம்பர் முதல் டிசம்பர் வரை: முதலில் மாலை நேர இடிமழை, பிறகு பருவமழை. இடிமேகம் தலைக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. 20, 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதிலிருந்து கிளம்பும் வேகக்காற்று இங்கே வந்து தாக்கும்.

ஆக, நல்ல காலம் தையும் மாசியும். பொங்கல் விடுமுறையும் அதே நேரத்தில் வருகிறது. இது நல்ல பொருத்தம் என்றாலும் இதில் ஒரு சிக்கலும் உண்டு. திருவிழாத் தேதியை மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடுகிறோம். காற்று அந்தத் தேதியைப் படித்துவிட்டு வருவதில்லை.

பொள்ளாச்சி சொன்ன பாடம்

2025 திருவிழாவின்போது பொள்ளாச்சியில் கிளம்பிய ஒரு பலூன், மாநில எல்லையைத் தாண்டி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு நெல் வயலில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. ‘வழி தவறிய பலூன்’ என்று மீம்ஸ் வந்தது.

வரைபடத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஜனவரியில் கிழக்கிலிருந்து வரும் காற்று அந்த வாசல் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகிறது. காற்று போகும் வழியில் பலூனும் போனது. வயல் கிடைத்ததால் அது செய்தி ஆனது. வயலுக்குப் பதில் மின்கம்பி குறுக்கே இருந்திருந்தால் அது வேறு செய்தி.

மதுரையில் இதே கணக்கை எப்படிப் போடுவது? தை மாதக் காற்று பெரும்பாலும் வடகிழக்கு, கிழக்குப் பக்கமிருந்து வரும். நகருக்கு வடக்கே கிளம்பும் பலூன் தென்மேற்காக நகரப் பார்க்கும். சுற்றிலும் யானைமலை, அழகர்மலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் என்று குன்றுகள். சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுக்குப் பின்னால் காற்று சுழலும். நகருக்குத் தெற்கே விமான நிலையம், அதன் வான் எல்லைக்குள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியில்லாமல் போக முடியாது. நடுவில் கண்மாய், தென்னந்தோப்பு, அடுக்கடுக்காக மின்கம்பிகள். எந்தக் காற்றுக்கு எங்கே இறங்குவது என்ற வரைபடம் இல்லாமல் மதுரையில் ஒரு பலூன்கூட கிளம்பக் கூடாது.

விபத்துகள் எங்கே நடக்கின்றன?

பலூன் நடுவானில் வெடித்துச் சிதறும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். விபத்து வரலாறு காட்டும் எதிரிகள் வேறு: மின்கம்பி, தீ, தப்பான முடிவு.

2012 ஜனவரி 7-ல் நியூசிலாந்தின் கார்ட்டர்டன் அருகே பலூன் மின்கம்பியில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். 2013 பிப்ரவரி 26-ல் எகிப்தின் லக்சரில் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து 19 பேர். 2025 ஜூன் 21-ல் பிரேசிலின் பிரையா கிராண்டியில் கூடையில் தீப்பிடித்து, 21 பேரில் 8 பேர்.

வானிலை பற்றிப் பேசும்போது முக்கியமானது அமெரிக்காவின் டெக்சாஸில், லாக்ஹார்ட் அருகே 2016 ஜூலை 30-ல் நடந்த விபத்து. மேகமும் மூடுபனியும் இருக்கும் என்று பைலட்டுக்கு முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. அவர் கிளம்பினார். கீழே மேகம் மூடியது. இறங்கும்போது உயர் அழுத்த மின்கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை. 16 பேரும் இறந்தார்கள். பைலட் தொடர்ந்து எடுத்த தவறான முடிவுகளே காரணம் என்று விசாரணை அமைப்பு கூறியது. அவருடைய உடல்நிலையும் உட்கொண்ட மருந்துகளும் அந்த முடிவுகளைப் பாதித்திருக்கின்றன என்றது. பலூன் பைலட்டுக்கு மருத்துவச் சான்று கேட்காத விதியையும் அது குறை சொன்னது. பிறகு அந்த விதியை அமெரிக்கா மாற்றியது.

துணியோ பர்னரோ காரணமில்லை. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்பதுதான் லாக்ஹார்ட்டின் கதை.

யார் சொல்ல வேண்டும்?

நிதானமாக யோசித்தால் பைலட்டின் நிலைமை கஷ்டமானது. 4 மணிக்கு எழுந்து வந்த குடும்பம், மேடையில் விஐபி, கேமராக்கள், பணம் போட்ட ஸ்பான்சர், நாளை மறுநாள் முடியப்போகும் திருவிழா. எல்லோரும் முகத்தைப் பார்க்கும்போது, எல்லைக்கோட்டில் இருக்கும் காற்றைப் பார்த்து ‘சரி, ஒரு ரவுண்டு போகலாம்’ என்று சொல்லத்தான் மனசு வரும்.

துருக்கியின் கப்படோக்கியா இதற்கு ஒரு வழி கண்டது. விடியும் முன் நூற்றுக்கும் மேற்பட்ட பலூன்கள் கிளம்பும் இடம் அது. அங்கே பறக்கலாமா என்று அந்தந்த நிறுவனம் முடிவு செய்வதில்லை. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் இயங்கும் மையம் வானிலையைப் பார்த்துக் கொடி நிறம் அறிவிக்கிறது. பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் வீட்டுக்குப் போ. பக்கத்துக் கம்பெனி பறக்குதே, நாம பறக்கலைன்னா கஸ்டமர் போயிடுவாங்களே என்ற போட்டிக்கே அங்கே இடமில்லை.

இந்தியாவில் பலூனும் சட்டப்படி ஒரு விமானம்தான். ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும், பலூனுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும், மேற்பார்வை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் இருக்கிறது. விதிகள் இருக்கின்றன. குறைவது, குறிப்பிட்ட ஒரு காலையில் ‘பறக்கலாம், வேண்டாம்’ என்ற முடிவை வியாபாரத்திலிருந்தும் விழா மேடையிலிருந்தும் பிரித்து வைக்கும் ஏற்பாடு.

தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதைச் செய்யலாம். பெரிய செலவில்லை. ஒன்று, டிக்கெட் விற்பனையில் பங்கில்லாத, பலூன் அனுபவமுள்ள ஒருவரிடம் முடிவை ஒப்படைப்பது. இரண்டு, காற்று வரம்பை எண்ணாகவே முன்கூட்டி வெளியிட்டு, தினமும் விடியற்காலை அளந்த வேகத்தையும் கொடி நிறத்தையும் திடலிலும் மொபைலிலும் காட்டுவது. மதுரை விமான நிலையத்தின் வானிலைப் பதிவு ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்று, பயணம் ரத்தானால் கேட்காமலே பணம் திரும்ப வருவது. பணம் போகாது என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும். நான்கு, மின்வாரியத்தோடு உட்கார்ந்து இறங்குமிட வரைபடம் தயாரிப்பது.

ஐந்தாவது, வயல்காரர். தை மாதம் சம்பா அறுவடைக் காலம். நமக்கு சாகசம், அவருக்கு அது ஆறு மாத உழைப்பு. கூடை இறங்கிய வயலுக்கும், பின்னால் ஓடிவரும் கூட்டமும் ஜீப்பும் மிதித்த பயிருக்கும் அன்றைக்கே இழப்பீடு தரும் ஏற்பாடு இருக்க வேண்டும். வரும் வழியில் உள்ள ஊராட்சிகளில் தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டும்: பலூன் இறங்கினால் கிட்டே ஓடாதீங்க, கயிறைப் பிடிக்காதீங்க, பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீங்க. பைலட் கூப்பிட்டால் மட்டும் போங்க.

ஏறும் முன் கேட்க வேண்டியவை

பயணிகளின் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. டிக்கெட் காட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

1. இப்போது தரைக்காற்று எவ்வளவு? உங்கள் வரம்பு எவ்வளவு? (எண்ணாகச் சொல்லத் தெரியாதவரின் கூடையில் ஏற வேண்டாம்.)
2. சோதனை பலூன் விட்டுப் பார்த்தாச்சா?
3. பைலட்டின் உரிமம், பயணிகளுக்கான காப்பீடு இருக்கிறதா?
4. எல்லோருடைய எடையையும் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் கணக்குப் போடவில்லை என்று பொருள்.
5. இறங்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று செய்து காட்டினார்களா? முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, போகும் திசைக்கு முதுகு காட்டி, உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து நிற்பதுதான் வழக்கம். மொபைல் அப்போது பாக்கெட்டில்.
6. ரத்தானால் பணம் எப்போது வரும்?

தரையைத் தொட்டவுடன் குதிக்கக் கூடாது. ஒருவர் இறங்கினாலே எடை குறைந்து, மீதிப் பேரோடு பலூன் மறுபடி எழும்பலாம். பைலட் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகெலும்பு பிரச்சினை உள்ளவர்கள் கீழிருந்தே ரசிப்பது நல்லது. கூடையின் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாத சின்னக் குழந்தைகளுக்கும் அதுவே பொருந்தும்.

மதுரைக்குப் பலூன் வரட்டும். யானைமலையைத் தாண்டி சூரியன் எழுவதை மேலேயிருந்து பார்ப்பது யாருக்கும் கிடைக்க வேண்டிய சந்தோஷம்தான். ஆனால் ஒரு திருவிழா வெற்றியா என்பதை எத்தனை பலூன் பறந்தது, எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணிச் சொல்லக் கூடாது. காற்று சரியில்லாத காலைகளில் எத்தனை முறை துணியை மடித்து வைத்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சொல்ல ஏற்பாட்டாளர் கூச்சப்படக் கூடாது. அதைக் கேட்டு டிக்கெட் வாங்கியவரும் முகம் சுளிக்கக் கூடாது.

‘இன்னைக்கு ரைடு இல்லை’ என்றால் திடலுக்கு வெளியே ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். நாளைக்கும் விடியும்.